மலை சைக்கிளுக்கு பிரேம் வாங்கும் முன்னால் உங்களை அளந்துகொள்ளுங்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் கையில் வெர்னியர் காலிப்பர் இருக்கும். அரை மில்லிமீட்டர் பிசகினால் கொக்கி மாட்டாது, வேலை திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்டவன் ஆறு வருடத்துக்கு முன்னால் என் முதல் மவுண்டன் பைக் பிரேமை ஒன்றையும் அளக்காமல் வாங்கினேன். பெங்களூரில் ஒருவர் விற்றார். போட்டோவில் பளபளவென்று இருந்தது, அலுமினியம், 4,500 ரூபாய். பஸ் பார்சலில் வந்து இறங்கியது. அது 19 இன்ச் பிரேம். என் உயரம் 164 சென்டிமீட்டர்.

முன்வீலைப் பிடிக்கும் ஃபோர்க், வீல் எல்லாம் போட்டு ஓட்டியதும், பிரேம் எனக்குப் பெரிது என்று தெரிந்துவிட்டது. ஏற்காடு மலை அடிவாரம் செக்போஸ்ட் தாண்டி ஏழெட்டு கொண்டை ஊசி வளைவுக்குள் இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போகும். ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் இடுப்பு விட்டுப்போகும். குப்பனூர் வழியாக இறங்கும்போது ஒரு நாள் சரளையில் முன் டயர் வழுக்கியது. சட்டென்று காலை ஊன்றினேன், கால் தரையைத் தொடுவதற்கு முன்னால் பார் கம்பி, அதாவது சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவில் போகும் மேல் குழாய், என்னைத் தொட்டுவிட்டது. பத்து நிமிடம் ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றினேன், சீட்டை முன்னால் தள்ளினேன், எதுவும் உதவவில்லை. கடைசியில் 3,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். ஸ்டெம், சீட்டைத் தாங்கும் சீட் போஸ்ட், பார்சல் கூலி எல்லாம் சேர்த்தால் நாலாயிரத்துக்கு மேல் கையை விட்டுப் போனது. பட்டறைச் சம்பளத்தில் அது பெரிய காசு. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கால் அளவு. செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் முதுகு ஒட்ட நில்லுங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். கெட்டி அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கால் இடுக்கில் வைத்து, அதன் முதுகுப் பக்கம் மேலே பார்க்க, சீட்டில் உட்கார்ந்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தத்துக்கு மேலே இழுங்கள். புத்தகத்தின் ஓரம் சுவரோடு ஒட்டியிருக்க வேண்டும், சாய்ந்தால் அளவு பொய் சொல்லும். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, புத்தகத்தின் மேல் விளிம்பில் பென்சில் கோடு போடச் சொல்லுங்கள். மூன்று தடவை செய்யுங்கள். எனக்கு என் மச்சான் கோடு போட்டார். 76, 77, 76.5 என்று வந்தது. 76.5 என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த எண்ணை 0.883ஆல் பெருக்கினால், பெடல் சுற்றும் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வேண்டிய உயரம் கிடைக்கும். எனக்கு 67.5 சென்டிமீட்டர். இது ரோட்டில் ஏறுவதற்கான உயரம். கரடுமுரடான பாதையில் இறங்கும்போது சீட்டைச் சில சென்டிமீட்டர் இறக்கிக்கொள்வது நல்லது.

இன்ச் கணக்கில் சொன்னால், 155 முதல் 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு 15, 16 இன்ச் பிரேம், 165 முதல் 175 வரை 17 அல்லது 17.5, அதற்கு மேல் 185 வரை 19 என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். நான் எல்லைக்கோட்டில் நிற்கிற ஆள். இப்போது ஓட்டுவது 17 இன்ச். இரண்டு அளவுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் மலைப்பாதைக்குச் சின்னதை எடுப்பதே என் கட்சி. சின்ன பிரேமில் சீட் போஸ்ட்டை ஏற்றிக்கொள்ளலாம், பெரிய பிரேமில் பாரைக் கீழே இறக்க முடியாது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு, நான் 17-இல் நிற்பதும் அதனால்தான். 17 இன்ச் பிரேமில் எனக்கு போஸ்ட் 20 சென்டிமீட்டர் வெளியே நிற்கிறது, 35 சென்டிமீட்டர் போஸ்ட்டில் 15 உள்ளே இருக்கிறது. அதுவே 15 இன்ச் பிரேமாக இருந்தால் 10 சென்டிமீட்டர்தான் உள்ளே இருக்கும். போஸ்ட்டில் செதுக்கியிருக்கும் கடைசிக் கோட்டுக்கு வெளியே இழுத்து ஓட்டினால், போஸ்ட் நுழையும் சீட் பைப்பின் வாய் பிளந்துவிடும். அப்படி வேண்டியிருந்தால் 40 சென்டிமீட்டர் போஸ்ட் வாங்குங்கள்.

ஆனால் இந்த இன்ச் கணக்கை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது சீட் பைப்பின் நீளம், அவ்வளவுதான். சீட் உயரத்தை நாம் மாற்றிக்கொள்ள முடியும். மாற்றவே முடியாதது ரீச். கிராங்க் அச்சுக்கு நேர்மேலே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹெட் பைப்பின் (ஃபோர்க்கின் தண்டு நுழையும் முன் குழாய்) மேல்வாய் நடு வரை படுக்கையாக எவ்வளவு தூரமோ அதுதான் ரீச். ஒரு கம்பெனியின் மீடியமும் இன்னொரு கம்பெனியின் மீடியமும் இதில் மூன்று சென்டிமீட்டர் வரைகூட வேறுபடலாம்.

இதை அளக்கக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு போதும். முழு சைக்கிளாக இருந்தால் சமமான தரையில் சாயாமல் நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். ஹெட் பைப் மேல்வாயின் பக்கவாட்டில், நடுப்பகுதியில் நூலை வைத்து குண்டைத் தொங்கவிடுங்கள். ஆட்டம் நின்றதும் தரையில் சாக்பீஸால் ஒரு புள்ளி. அதே பக்கத்தில் கிராங்க் அச்சின் நடுவிலிருந்து இன்னொரு புள்ளி. சைக்கிளின் நீளவாக்கில் இரண்டு புள்ளிக்கும் இடையே உள்ள தூரத்தை டேப்பால் அளந்தால் ரீச் வந்துவிடும். என் முதல் பிரேமை விற்பதற்கு முன்னால்தான் இதை அளந்தேன், 43.5 வந்தது. இப்போதையது 40.5. அந்த மூன்று சென்டிமீட்டர்தான் என் உள்ளங்கையை மரக்க வைத்தது. அந்த முதல் பிரேம் பழைய பாணி, 90 மில்லிமீட்டர் ஸ்டெம்மோடு வந்தது. ஒன்று சொல்ல வேண்டும், புதுப் பாணி பிரேம்களில் ரீச் கூடுதலாகவும் ஸ்டெம் 35 முதல் 50 மில்லிமீட்டர் என்று குட்டையாகவும் இருக்கும். அதனால் ரீச்சைத் தனியாகப் பார்க்காமல் ஸ்டெம்மையும் சேர்த்துப் பாருங்கள். வெறும் பிரேமாக விற்றால் அளப்பது கஷ்டம். மாடலும் வருடமும் கேட்டு, கம்பெனி போட்டிருக்கும் அளவு அட்டவணையில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்புறம் ஷூவோடு பாருக்கு மேல் கால் அகட்டி நின்று பாருங்கள். பாருக்கும் உடம்புக்கும் நடுவில் 5 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். குப்பனூர் ரோட்டில் நான் பட்டது இதில் கோட்டை விட்டதால்தான்.

சரி, அளவு பொருந்திவிட்டது. இனி பிரேமின் உடம்பைப் பார்க்க வேண்டும். செகண்ட் ஹேண்ட் பிரேமில் விரிசல் வரும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: ஹெட் பைப்போடு கீழ்க் குழாய் சேரும் வெல்டின் அடிப்பக்கம், சீட் பைப்பும் பாரும் சேரும் இடம், கிராங்க் அச்சுக்குப் பின்னால் செயின் ஓடும் குழாய், பின் டிஸ்க் பிரேக் பிடித்திருக்கும் இடம். இவற்றின் மேல் ஸ்டிக்கரோ டேப்போ ஒட்டியிருந்தால் உரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பெயிண்ட் கீறலா விரிசலா என்ற சந்தேகம் வந்தால், லேத் பட்டறைகளில் ரொம்ப காலமாகச் செய்யும் ஒரு சோதனை இருக்கிறது. சந்தேகமான இடத்தைச் சுத்தமாகத் துடைத்து, மண்ணெண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒட்டத் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மெல்லிசாகத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் ஒரு கறுத்த இழை போலக் கோடு விழும். ஒரு பிரேமை அம்மாபேட்டையில் ஒரு மெக்கானிக் அண்ணன் கடையில் வைத்து இப்படிப் பார்த்தோம். ஹெட் பைப் வெல்டுக்கு அடியில் தலைமுடி மாதிரி இருந்ததை நான் கீறல் என்றுதான் நினைத்தேன். இரண்டு நிமிடத்தில் அந்த இடத்தில் முக்கால் இன்ச் நீளத்துக்கு ஈரக்கோடு வெல்டை ஒட்டி வளைந்து போனது. அண்ணன், "தம்பி, இது வேணாம், சும்மா குடுத்தாலும் வேணாம்" என்றார். ஆழமான பெயிண்ட் கீறலும் கொஞ்சம் எண்ணெய் பிடிக்கும். அதனால் கோடு வந்தால், விற்பவர் சம்மதித்தால் பெயிண்ட்டைச் சுரண்டி உலோகத்தைப் பாருங்கள். சம்மதிக்காவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

"வெல்ட் அடிச்சுக்கலாம்ணா, ஐந்நூறு ரூபாதான்" என்று சொல்வார்கள். வெள்ளியில் விட்டுப்போன இடத்தில் பொடி வைத்து ஊதிப் பற்றவைப்பது என் தினசரி வேலை. அதனால் உறுதியாகச் சொல்கிறேன், அலுமினிய பிரேமில் அந்தக் கணக்கு செல்லாது. 6061 ரக அலுமினியத்தை வெல்ட் செய்தால் சுற்றியுள்ள இடம் சூட்டில் இளகிப் பலம் இழந்துவிடும். பலம் திரும்ப வர பிரேம் முழுவதையும் சூளையில் வைத்துப் பக்குவப்படுத்த வேண்டும், தெருமுனை வெல்டிங் கடையில் அது நடக்காது. குரோமோலி ஸ்டீல் பிரேம் என்றால் விவரம் தெரிந்தவர் கையில் சரிசெய்ய முடியும். எடை கொஞ்சம் கூடினாலும் கிடைத்தால் யோசித்துப் பாருங்கள்.

பிரேம் வளைந்திருக்கிறதா என்பதற்கு ஒரு நூல் போதும். பின்வீல் மாட்டும் காதில் ஒரு பக்கம் நூலைக் கட்டி, முன்னே கொண்டுபோய் ஹெட் பைப்பைச் சுற்றி, மறுபக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட் பைப்புக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் காலிப்பரால் அளந்து பாருங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை.

சீட் போஸ்ட்டைக் கண்ணெதிரே கழற்றச் சொல்ல மறக்காதீர்கள். வியர்வையும் ஏற்காட்டு மழையும் இறங்கி, போஸ்ட் பைப்போடு பூத்துப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் எந்த அளவும் உதவாது.

அடுத்து, பார்ட்ஸ் பொருந்துமா என்ற கேள்வி. பட்ஜெட்டில் வாங்குபவருக்குப் பணம் ஒழுகுவது இங்கேதான். சீட் பைப்பின் உள்விட்டம் பெரும்பாலும் 27.2, 30.9, 31.6 மில்லிமீட்டரில் ஒன்றாக இருக்கும். ஹெட் பைப்பின் உள்விட்டம் 34 மில்லிமீட்டர் என்றால் நேரான தண்டு உள்ள ஃபோர்க் மட்டுமே ஏறும். 44 என்றால் கீழே வெளிக்கிண்ணம் போட்டு, அடி பருத்த ஃபோர்க்கையும் ஏற்றலாம், பிற்பாடு நல்ல ஃபோர்க் கிடைத்தால் கையைக் கட்டிப்போடாது. பின்காதுகளுக்கு நடுவே 135 மில்லிமீட்டர் இருந்தால் நெம்புகோலைத் திருப்பிக் கழற்றும் சாதாரண க்விக் ரிலீஸ் வீல் போதும். 142, 148 எல்லாம் தடித்த அச்சு போடும் புதிய பிரேம்கள், வீல் விலை அதிகம். கிராங்க் அச்சுக் குழாய் மரை போட்டதாகவே இருக்கட்டும். அழுத்திப் பொருத்தும் வகை சேறும் ஈரமும் ஏறினால் கிறீச்சிட ஆரம்பிக்கும். மரை வகையில் செயின் பக்கக் கிண்ணம் இடமாகச் சுற்றினால்தான் முடுகும், இது தெரியாமல் மரையை நாசம் செய்த பிரேம்களைப் பார்த்திருக்கிறேன். ஃபோர்க் போடும்போது பிரேமுக்குச் சொன்ன ஃபோர்க் நீளத்தைத் தாண்டாதீர்கள். 20 மில்லிமீட்டர் கூடினால் ஹெட் பைப் கிட்டத்தட்ட ஒரு டிகிரி படுத்துவிடும், ஏற்றத்தில் முன்வீல் அலையும்.

பின்னால் டிஸ்க் பிரேக் பிடிக்க இடம் இல்லாத பிரேம் ஏற்காட்டுக்கு வேண்டாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கும் வரை பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் ரிம் தொட முடியாத அளவு கொதிக்கும். முன்னாலும் பின்னாலும் ஷாக் உள்ள டபுள் ஷாக் வண்டிகளையும் குறைந்த பட்ஜெட்டில் தொடாதீர்கள். எடை, பேரிங் தேய்மானம், ஷாக் சர்வீஸ் என்று செலவு தீராது.

வீலைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். 26 இன்ச் பழையது என்று ஒதுக்குகிறார்கள், ஆனால் டயரும் ட்யூபும் சேலத்தில் எந்தக் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். குள்ளமானவர்களுக்கு அது நன்றாகவே பொருந்தும்.

வெறும் பிரேம் தேடுவதைவிட, நல்ல பிரேம் உள்ள பழைய முழு சைக்கிளாக வாங்குவதுதான் லாபம். ஃபோர்க், வீல், கிராங்க் எல்லாம் தனித்தனியாக வாங்கினால் இரண்டு சைக்கிள் விலை ஆகிவிடும். என்னுடையதை 11,000 ரூபாய்க்கு முழுசாக வாங்கினேன். ஓவராயில் செய்து, பின்வீலில் கோட்டம் எடுத்து, செயின், கேபிள், பிரேக் பேட், பின் பல்சக்கரம் மட்டும் புதிதாகப் போட்டேன். முன்னால் மூன்று பல்சக்கரம் இருக்கிறது, சின்னது 22 பல். பின்னால் பெரியது 34. சேர்வராயன் கோயிலுக்குப் போகும் ஏற்றத்தில் அந்த 22தான் என்னை இறங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பணம் கொடுக்கும் முன், கிராங்க் குழாயின் அடியில் பொறித்திருக்கும் நம்பரை ஒரு பேப்பரில் எழுதி, விற்பவரிடம் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். திருட்டு வண்டி தலையில் விழாமல் இருக்க இது வேண்டும்.

கடைசியாக, பின் டெரைலர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கியர் பாகம்) தொங்கும் அந்தச் சின்ன அலுமினியக் காது. ஒவ்வொரு பிரேமுக்கும் அதன் வடிவம் வேறு. கீழே விழுந்தால் முதலில் உடைவது அதுதான், பிரேமைக் காப்பாற்றத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் பிரேமுக்கு அது இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். இருந்தால் இரண்டாக வாங்குங்கள். நாகலூர்ப் பக்கம் ஒரு கல்லில் மோதி என்னுடையது முறிந்தபோது, இரண்டாவதாக வாங்கிய காது, சீட்டுக்கு அடியில் பையில் இருந்தது. அரை மணி நேரத்தில் மாற்றிக்கொண்டு பொழுது சாய்வதற்குள் அடிவாரம் வந்து சேர்ந்தேன்.