ஆன்டிவைரஸ் இருக்கிறதே என்ற தைரியம்

மும்பை தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையை ஒட்டிய தோல் பொருள் பட்டறைகளில் ஆர்டர், விலைப்பட்டியல், ரசீது எல்லாம் இப்போது மின்னஞ்சலில்தான் வருகின்றன. கணக்கெழுதும் கணினியில் ஓர் ஆன்டிவைரஸும் இருக்கும். காசு கொடுத்து வாங்கியாயிற்று, இனி வரும் கடிதத்தையெல்லாம் அது பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பதில்தான் முதல் தவறு தொடங்குகிறது.

அது பார்ப்பது கோப்பை. இணைப்பாக வந்த கோப்பைத் தனக்குத் தெரிந்த தீநிரல்களின், அதாவது கணினிக்குத் தீங்கு செய்யும் நிரல்களின், அடையாளங்களோடு ஒப்பிடுகிறது. சந்தேகப்படும்படி நடந்துகொள்கிறதா என்று கவனிக்கிறது. ஜிமெயில் போன்ற சேவைகள் இதே சோதனையைத் தங்கள் சர்வரிலேயே செய்கின்றன. டாட் இஎக்ஸ்இ என்று முடியும் நிரல் கோப்புகளை அனுப்பவே விடுவதில்லை.

ஆகவே மோசடிக்காரர்கள் கோப்பைப் பூட்டி அனுப்புகிறார்கள். 'ஜிஎஸ்டி பாக்கி நோட்டீஸ்' என்று ஒரு ஜிப் கோப்பு வரும். அதைத் திறப்பதற்கான கடவுச்சொல் அதே கடிதத்தில் இருக்கும். பூட்டிய கோப்புக்குள் சோதனை மென்பொருளால் பெரும்பாலும் பார்க்க முடியாது. கடவுச்சொல் இருப்பதால் பாதுகாப்பானது என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் அதை வைத்ததே சோதனையிலிருந்து தப்பத்தான். எமோடெட் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது, அதுவும் நாம் முன்பு எழுதிய கடிதத்துக்குப் பதில் போல வந்து. வங்கியும் பூட்டிய கணக்கறிக்கை அனுப்புகிறதே என்று கேட்கலாம். அங்கே கடவுச்சொல் பெரும்பாலும் பிறந்த தேதி, பான் எண் என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றாக இருக்கும். கடிதத்தில் அப்படியே எழுதியிருக்காது.

பூட்டைத் திறந்து கோப்பை வெளியே எடுக்கும் கணத்தில்தான் கணினியில் எந்நேரமும் விழித்திருக்கும் பாதுகாப்புக்கு வேலை வருகிறது. 'கணக்கு மென்பொருள் மெதுவாக ஓடுகிறது' என்று அதைத்தான் பலர் அணைத்து வைக்கிறார்கள். என்னைக் கேட்டால், இதைவிட ஆன்டிவைரஸுக்குச் சந்தா கட்டாமலே இருக்கலாம். இன்னும் சிலர் இரண்டு ஆன்டிவைரஸ்களை நிறுவுகிறார்கள். அவை ஒன்றோடொன்று மோதிக் கணினியைத் திணறடிக்கும். ஒன்று போதும்.

கோப்பின் பெயரை நம்புவது பழைய தவறு. 2000 மே மாதம் உலகத்தையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ், சாதாரண உரைக் கோப்பு போலத் தெரிந்த இணைப்பில்தான் வந்தது. உண்மையில் அது நிரல். கோப்பின் வகையைச் சொல்லும், பெயரின் கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்துவிட்டது. அப்படி மறைப்பது இன்றும் விண்டோஸின் இயல்பான அமைப்பு. மாற்றிவிடுங்கள், ஒரு நிமிட வேலை. எக்செல் கோப்பு மேக்ரோவை, அதாவது தனக்குள் இருக்கும் சிறு நிரலை, அனுமதிக்கச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022 முதல் தானாகவே தடுக்கத் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது.

இவ்வளவையும் சரியாகச் செய்தாலும் ஒரு கடிதம் மட்டும் தடையின்றி உள்ளே வரும். நீங்கள் தோல் வாங்கும் ஆம்பூர்த் தொழிற்சாலையின் பெயரில், வழக்கமான மரியாதையோடு, 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்' என்று இரண்டு வரி. இணைப்பு இல்லை, சுட்டி இல்லை. தீநிரல் தேடும் மென்பொருளுக்கு அதில் பிடிக்க ஒன்றுமே இல்லை. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருக்கலாம். அவர்களுடைய அஞ்சல் பெட்டியே களவு போயிருந்தால் அதுவும் மாறியிருக்காது. பதில் கடிதம் எழுதிக் கேட்பதில் பயனில்லை, திருடனே பதில் எழுதுவான். உங்கள் கைப்பேசியில் பல காலமாக இருக்கும் எண்ணில் அழைத்து, 'அண்ணாச்சி, கணக்கு எண் மாறிவிட்டதா?' என்று கேட்டபின் பணம் அனுப்புங்கள். பணம் போய்விட்டது என்றால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். திருடன் அதை எடுப்பதற்குள் சொன்னால்தான் அந்தத் தொகையை முடக்கி வைக்க வழி உண்டு.