ஸ்ட்ரக்சுரல் ஜியாலஜி அறிமுக வகுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாறைகள் மடிவதையும் முறிவதையும் படிக்கும் இந்தப் பாடத்தில் ஒருமுறை மோர் வட்டத்தை (பாறைக்குள் ஒரு தளத்தின் மேல் செயல்படும் விசையை, அதாவது தகைவை, காட்டும் வரைபடம்) இரண்டு வகுப்புகளில் நடத்தி முடித்தேன், தேர்விலும் பெரும்பாலோர் கணக்கைச் சரியாகவே போட்டிருந்தார்கள். அப்புறம் ஒரு மாணவியிடம் சும்மா கேட்டேன்: "இந்த வட்டம் அப்படியே இடப்பக்கம் நகர்ந்தால் பாறைக்கு என்னம்மா ஆகும்?" "சார், அது சிலபஸ்ல இருக்கா?" என்றார். கோபப்பட முடியவில்லை. நான் நடத்தியது வடிவியல், அதில் பாறை எங்குமே வரவில்லை.

தியரி முழுவதையும் முடித்துவிட்டுக் கடைசி ஸ்லைடில் "இது அணை கட்ட, சுரங்கம் தோண்ட, எண்ணெய் தேட உதவும்" என்று ஒரு வரி போடுவதுதான் பாடம் நடத்துகிற நாம் அதிகம் செய்கிற தவறு. அந்த வரியை யாரும் எழுதிக்கூட வைப்பதில்லை. இப்போது நான் அணையிலிருந்து தொடங்குகிறேன். 1963 அக்டோபர் 9 இரவு, இத்தாலியின் வயோன்ட் நீர்த்தேக்கத்துக்குள் மோந்தே டோக் மலைச்சரிவு சரிந்து இறங்கியது, ஏறத்தாழ 27 கோடி கன மீட்டர் பாறை. எழும்பிய அலை அணையைத் தாண்டிப் போய்க் கீழே இருந்த ஊர்களை அடித்துக்கொண்டு போனது, இறந்தவர்கள் ஏறக்குறைய 2,000 பேர், அணை மட்டும் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. சரிவில் இருந்த சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் பள்ளத்தாக்கை நோக்கிச் சாய்ந்திருந்தன, நடுநடுவே மெல்லிய களிமண் படலங்கள். இங்கே நிறுத்தி, தேக்கத்தில் நீர்மட்டம் ஏறினால் அந்த அடுக்குகளுக்கு நடுவே என்ன நடக்கும் என்று கேளுங்கள். வட்டத்தை அதற்குப் பிறகு வரையுங்கள். நீரழுத்தம் கூடக் கூட அடுக்குகளை இறுக்கிப் பிடிக்கும் தகைவு குறைகிறது, வட்டம் அளவு மாறாமல் இடப்பக்கம் நகர்ந்து முறிவுக் கோட்டை, அதாவது பாறை உடையும் எல்லையை, தொடுகிறது. (அமுக்கத்தை பிளஸ் என்று எடுத்தால். பொறியியல் புத்தகங்கள் பெரும்பாலும் இழுவையைத்தான் பிளஸ் என்று எடுக்கும், அதைச் சொல்லாமல் விட்டால் பாதி வகுப்பு குழம்பும்.)

சரி, தியரியைக் குறைத்துவிட்டால் போதுமா என்றால் அதுவும் ஆபத்து. நார்மல் ஃபால்ட் (மேலே இருக்கும் பாறை கீழிறங்கிய பிளவு) 60 டிகிரி, த்ரஸ்ட் (மேலே இருக்கும் பாறை ஏறிய பிளவு) 30 டிகிரி சாய்வு என்று சமையல் குறிப்பு மாதிரி கொடுத்தால் உடனே மனப்பாடம் ஆகிவிடும். களத்தில் 25 டிகிரியில் ஒரு நார்மல் ஃபால்ட்டைப் பார்த்ததும் காம்பஸ் கெட்டுப்போச்சு என்பார்கள். நிலவியலாளர் ஆண்டர்சன் எதையெல்லாம் அனுமானித்து அந்தக் கோணங்களுக்கு வந்தார், அதாவது முதன்மைத் தகைவுகளில் (ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இருக்கும் மூன்று முக்கியத் தகைவுகள்) ஒன்று செங்குத்தாக இருக்கிறது, பாறையில் பழைய விரிசல் எதுவும் இல்லை என்பதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால், ஃபால்ட் உருவான பிறகு திரும்பியிருக்குமோ, பழைய தளத்திலேயே மறுபடி வழுக்கியிருக்குமோ என்று அவர்களே யோசிக்கத் தொடங்குவார்கள்.

டிப், ஸ்ட்ரைக் இரண்டுக்கும் வரையறை எழுதிப் போடுவது வீண். நோட்டைச் சாய்த்துப் பிடித்து ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், அது ஓடும் திசையும் சாய்வும்தான் டிப், அதற்குக் குறுக்கே மட்டமாகப் போகும் கோடு ஸ்ட்ரைக். அதே நோட்டை ஸ்ட்ரைக்குக்கு 30 டிகிரி கோணத்தில் வெட்டிப் பார்த்தால் 30 டிகிரி டிப் 16 டிகிரியாகத்தான் தெரியும். முதலில் ஊகிக்கச் சொல்லிவிட்டு, சூத்திரத்தை அப்புறம் கொடுக்கலாம்.

ஸ்டீரியோநெட்டில் (பாறைத் தளங்களின் திசையையும் சாய்வையும் தாளில் குறிக்கும் வட்ட வலை) சாஃப்ட்வேரை முதல் நாளே திறந்துவிடுவதை நான் ஏற்கமாட்டேன். டிரேசிங் தாளைக் குண்டூசியில் சுழற்றி வளைவை வரைந்துவிட்டு, வடக்கைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்து, தளம் எங்கோ போய் நிற்பதை ஒருமுறையாவது பார்க்கவேண்டும்.

இன்னொன்று, மடிப்பைப் பார்த்தவுடன் "கிழக்கு மேற்காக அமுக்கம்" என்று எழுதுவது. கண்ணுக்குத் தெரிவது திரிபு, அதாவது பாறையின் வடிவ மாற்றம், தகைவு நம் ஊகம். நாமே வகுப்பில் இரண்டையும் கலந்துதான் பேசுகிறோம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. களக் குறிப்பேட்டில் இடப்பக்கம் பார்த்தது, வலப்பக்கம் நினைத்தது என்று கோடு போட்டுப் பிரிக்கச் சொல்கிறேன். முதல் நாள் இடப்பக்கம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும்.