நரம்பு மண்டலத்தை உங்கள் உடலிலேயே படித்தறிவது எப்படி

"நரம்பு" என்ற சொல்லைத் தமிழில் நாம் மிகத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். செவிலியர் சிரை என்னும் இரத்தக் குழாயில் போடும் ஊசி நமக்கு "நரம்பு ஊசி". காலில் சிரைகள் புடைத்துச் சுருண்டால் அது "நரம்புச் சுருட்டல்". தசையை எலும்போடு இணைத்து மணிக்கட்டில் எழும்பி நிற்கும் தசைநாணும் நரம்பு, வீணையின் தந்தியும் நரம்பு. இந்த நான்கில் ஒன்றுகூட உடற்கூற்றியல் சொல்லும் நரம்பு அன்று. ஆகவே இப்பாடத்தைத் தொடங்கும் மாணவர், வரையறையை மனனம் செய்வதற்கு முன், எது நரம்பு, எது நரம்பன்று என்பதைத் தம் கையைத் தொட்டே பிரித்தறிந்துகொள்வது நல்லது.

பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு கிளைப்படத்துடன் தொடங்கும்: மைய நரம்பு மண்டலம், புற நரம்பு மண்டலம், தானியங்கு நரம்பு மண்டலம், அவற்றின் உட்பிரிவுகள். படம் தவறன்று, ஆனால் அதை முதலில் மனனம் செய்தவர்களுக்கு அது பெயர்ப் பட்டியலாகவே நின்றுவிடுகிறது. நான் பரிந்துரைப்பது எதிர்த்திசை. ஏதேனும் ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு, அது புறப்படும் இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை பின்தொடருங்கள். கிளைப்படம் தானாக உருவாகும். இதற்கு 30 செ.மீ. அளவுகோல், ஒரு ஜெம் கிளிப், சிறிய டார்ச், சில வெள்ளைத்தாள்கள், உதவிக்கு ஒருவர் ஆகியவை போதும்.

மணிக்கட்டும் முழங்கையும்

உள்ளங்கை மேலே தெரியும்படி கையை நீட்டி, பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து, மணிக்கட்டைச் சற்றே உள்நோக்கி மடக்குங்கள். நடுவில் கயிறுபோல் எழும்புவது தசைநாண். சிலருக்கு இது பிறப்பிலேயே இருக்காது, அதனால் எந்தக் குறையும் இல்லை. தோலுக்கடியில் நீலமாகத் தெரிபவை சிரைகள். பெருவிரல் பக்கம் துடிப்பது தமனி. உண்மையான நரம்பாகிய மீடியன் நரம்பு அந்தத் தசைநாணுக்குச் சற்று அடியில் ஓடுகிறது. அது கண்ணுக்குத் தெரியாது, துடிக்கவும் துடிக்காது.

நரம்பைத் தொட்டுப் பார்க்க எளிய இடம் முழங்கை. கையைச் சற்று மடக்கி, முழங்கையின் உட்புறம் துருத்தி நிற்கும் எலும்புக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலை மென்மையாக உருட்டினால், நூல்கண்டின் தடித்த இழைபோல் ஒன்று நழுவும். அதுவே அல்னார் நரம்பு. கதவில் முழங்கை இடித்து "கரண்ட் அடித்ததுபோல" கை முழுவதும் சுரீரென்றபோது நீங்கள் இடித்துக்கொண்டதும் இதைத்தான். அழுத்தாமல் வருடினாலே சுண்டுவிரல் கூசும்.

இங்கே ஒரு கேள்வியை எழுப்பிக்கொள்ளுங்கள்: இடிபட்டது முழங்கை, கூசுவது ஏன் சுண்டுவிரல்? தொடுகை எங்கே நிகழ்ந்தது என்று மூளை பார்ப்பதில்லை. எந்த இழை வழியாகச் செய்தி வந்தது என்பதைக் கொண்டே இடத்தை முடிவு செய்கிறது. சுண்டுவிரலின் தோலிலிருந்து வரும் இழைகளை நடுவழியில் தட்டினால், சுண்டுவிரலே தொடப்பட்டதாக அது கொள்கிறது. கால் அகற்றப்பட்டவர்களுக்கு இல்லாத பாதம் வலிப்பதில் இந்த விதிக்கும் பங்குண்டு.

தொழுநோயில் தடிக்கும் நரம்புகளில் இந்த அல்னார் நரம்பும் ஒன்று. மருத்துவர்கள் முழங்கையைத் தடவிப் பார்ப்பது அதற்காகவே. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணர்வு போனதால் சூடும் வெட்டும் தெரியாமல் காயத்தின்மேல் காயம் பட்டே அவை அழிகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். வலியை ஒரு தொல்லையாக மட்டும் எண்ணுபவர்கள் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

தண்டுவடம் எங்கே முடிகிறது?

சுண்டுவிரலிலிருந்து புறப்பட்ட இழை கையேறிக் கழுத்தின் அடிப்பகுதியில் தண்டுவடத்தை அடைகிறது. தண்டுவடத்திலிருந்து இருபுறமும் 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன: கழுத்தில் 8, மார்பில் 12, இடுப்பில் 5, இடுப்புக்குக் கீழுள்ள திரிகப் பகுதியில் 5, வாலெலும்பில் 1. கழுத்து முள்ளெலும்புகள் ஏழுதான், நரம்பிணைகள் எட்டு. தேர்வில் பலர் இடறும் இடம் இது. மூளையிலிருந்து நேரடியாகப் புறப்படும் கபால நரம்புகள் வேறாக 12 இணைகள் உள்ளன.

உணர்ச்சி நரம்புச் செல்லின் உடல் விரலிலும் இல்லை, மூளையிலும் இல்லை; முதுகெலும்பை ஒட்டிய சிறு நரம்பு முடிச்சில் இருக்கிறது. அதன் ஒரு கிளை தோலுக்கும் மறு கிளை தண்டுவடத்துக்கும் செல்கிறது. காலின் பெருவிரலில் மெல்லிய தொடுகையை உணரும் செல்லின் இழை, இடையில் எங்கும் மற்றொரு செல்லுக்குக் கைமாற்றாமல், மூளையின் அடிப்பகுதியாகிய முகுளம்வரை ஒரே ஓட்டமாகப் போகிறது. வளர்ந்தவர்களில் அந்த ஒற்றைச் செல்லின் நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். "செல் என்பது மிக நுண்ணியது" என்று படித்துவந்தவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்பது நியாயமே.

இப்போது எழுந்து நின்று இரு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் ஊன்றி, பெருவிரல்களை முதுகின் நடுவே கொண்டுவாருங்கள். அவை சந்திக்கும் இடம் ஏறத்தாழ நான்காம் இடுப்பு முள்ளெலும்பு. ஆனால் வளர்ந்தவர்களில் சுமார் 45 செ.மீ. நீளமுள்ள தண்டுவடம் அதற்கும் மேலே, முதலாம் இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளை ஒட்டியே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே திரவத்தில் மிதக்கும் நரம்பு வேர்கள் மட்டும் குதிரைவால்போல் தொங்குகின்றன. மகப்பேற்று அறுவைக்கு முன் "முதுகில் ஊசி" போடும்போது தண்டுவடம் குத்துப்படும் என்று அஞ்சுபவர்களுக்கு இந்தப் பெருவிரல் சோதனையைக் காட்டலாம். ஊசி போவது பெரும்பாலும் மூன்றாம் நான்காம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையே, தண்டுவடம் இல்லாத இடத்தில்.

மூளையைக் கேட்காமல் நடப்பது

பாதம் தரையில் படாதவாறு உயரமான மேசையிலோ திண்ணையிலோ உட்கார்ந்து, கால்களைத் தளர்த்தித் தொங்கவிடுங்கள். முழங்கால் சில்லுக்கும் அதன் கீழுள்ள எலும்பு மேட்டுக்கும் இடையே மென்மையாக உள்ள தசைநாணைத் துணைவர் உள்ளங்கையின் பக்கவாட்டு விளிம்பால் சுருக்கெனத் தட்ட வேண்டும். கால் முன்னே உதறும். வரவில்லையெனில் இரு கைவிரல்களையும் கோத்து எதிரெதிர்த் திசையில் இழுத்தபடி இருங்கள்; அப்போது தட்டினால் பெரும்பாலும் வந்துவிடும். ஏர்ப், வெஸ்ட்பால் என்ற இரு ஜெர்மானிய மருத்துவர்கள் 1875-இல் தனித்தனியே விவரித்த அனிச்சைச் செயல் இது.

நடந்ததைப் பின்தொடருங்கள். தட்டியதும் தொடையின் முன்தசை ஒரு கணம் நீள்கிறது. அந்த நீட்சியைத் தசைக்குள் இருக்கும் உணர்விகள் கண்டுகொள்கின்றன. செய்தி உணர்ச்சி நரம்பு வழியாகத் தண்டுவடத்தின் இடுப்புப் பகுதிக்கு ஏறி, அங்கே ஒரே ஒரு சினாப்ஸை (ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கைமாற்றும் சந்திப்பை) கடந்து இயக்க நரம்புச் செல்லை அடைந்து, அதே தசைக்குச் "சுருங்கு" என்ற ஆணையாகத் திரும்புகிறது. கூடவே ஓர் இடைச்செல், தொடையின் பின்தசையைத் தளர்ந்திருக்கச் செய்கிறது. மூளைக்குச் செய்தி போகாமலில்லை. ஆனால் அது சேர்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. இருபுறமும் ஒரே அளவில் மெதுவாக வருவது பலருக்கு இயல்பு. ஒரு காலில் வந்து மறுகாலில் வராதிருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செய்தி என்பது என்ன?

நரம்பில் ஓடுவது கம்பியில் ஓடும் மின்சாரம் போன்றதன்று. ஓய்வில் இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையில் இருக்கிறது. இதைக் காப்பதற்காகச் செல் சவ்வில் உள்ள பம்புகள் ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியேற்றி இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே கொண்டுவருகின்றன. தூண்டல் ஓர் எல்லையைத் தாண்டினால் சோடியத்தின் வாயில்கள் திறந்து, உட்புறம் நொடிப்பொழுது நேர்மின் தன்மைக்குத் தாவுகிறது. பிறகு பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலை திரும்புகிறது. ஆயிரத்தில் ஒரு நொடியளவே நீடிக்கும் இந்தத் தாவல் அடுத்த துண்டைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, அலை முன்னேறுகிறது. எல்லையைத் தொட்டால் முழு அலை, தொடாவிட்டால் அலையே இல்லை. ஆகவே அடி வலியது என்ற தகவல் அலையின் உயரத்தால் அன்று, நொடிக்கு எத்தனை அலைகள், எத்தனை இழைகளில் என்பதால் சொல்லப்படுகிறது.

இழையைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்புறை இருந்தால் அலை இடைவெளிக்கு இடைவெளி தாவிப் பாய்கிறது. தடித்த மயலின் இழைகளில் வேகம் நொடிக்கு 100 மீட்டரைக்கூடத் தொடும்; உறையற்ற மெல்லிய இழைகளில் நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர்தான். இதற்குச் சோதனை தேவையில்லை, நினைவே போதும். நிலைப்படியில் கால்விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்ற கூர்மையான வலி. "இனி வரும்" என்று நாம் பல்லைக் கடித்துக் காத்திருக்கும் அந்த ஒரு நொடிக்குப் பின் விண்விண்ணென்று பரவும் மந்த வலி. முன்னது மெல்லிய மயலின் இழையில் வந்தது, பின்னது உறையற்ற இழையில் தவழ்ந்து வந்தது. அடிபட்ட இடத்தை உடனே தேய்த்துவிடுகிறோமே, அதற்கும் பொருள் உண்டு. தேய்ப்பின் தொடுகைச் செய்தி, தண்டுவடத்திலேயே வலிச் செய்தியைத் தணிக்கிறது. வலி ஆய்வாளர்கள் மெல்சாக், வால் ஆகியோர் 1965-இல் முன்வைத்த கருத்தின் அடிப்படை இதுவே.

இனி மூளையும் சேரும் பாதையை அளவுகோலால் அளக்கலாம். துணைவர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்க, உங்கள் பெருவிரலும் சுட்டுவிரலும் பூச்சியக் கோட்டருகே தொடாமல் காத்திருக்கட்டும். அவர் முன்னறிவிப்பின்றி விட்டதும் பிடியுங்கள். 15 செ.மீ.-இல் பிடித்தால் சுமார் 0.17 நொடி, 20 செ.மீ.-இல் 0.20 நொடி, 30 செ.மீ.-இல் 0.25 நொடி. பத்து முறை செய்து சராசரி எடுங்கள், ஒருமுறை பிடித்ததை நம்பாதீர்கள். கண்ணிலிருந்து கைவரை உள்ள தொலைவு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். அதைக் கடக்க வேகமான இழைகளுக்கு 0.02 நொடிகூட ஆகாது. எஞ்சிய நேரம் விழித்திரையிலும், மூளையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் சினாப்ஸ்களிலும், தசை சுருங்கத் தொடங்குவதிலும் செலவாகிறது. அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, துணைவர் அளவுகோலை விடும் அதே கணத்தில் உங்கள் மறுகையைத் தொடச் சொல்லுங்கள். பலருக்கு நேரம் சற்றுக் குறையும், ஏனெனில் ஒளியைச் செய்தியாக மாற்ற விழித்திரை எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம்.

மூளையின் பங்கீடு

ஜெம் கிளிப்பை வளைத்து அதன் இரு முனைகளையும் அருகருகே கொண்டுவந்து, கண்ணை மூடியிருப்பவரின் விரல்நுனியில் வைத்தால் 2, 3 மி.மீ. இடைவெளியிலேயே இரண்டு என்று சொல்லிவிடுவார். முதுகில் சுமார் 4 செ.மீ. விலக்கினால்தான் இரண்டாகத் தெரியும். பெருமூளையின் வெளியடுக்காகிய புறணியில் விரல்களுக்கும் உதட்டுக்கும் நிலம் தாராளம், முதுகுக்கு ஒரு சிறு பட்டைதான். நினைவுடன் இருந்த நோயாளிகளின் மூளைப்பரப்பை மின்னால் தூண்டி, இந்த வரைபடத்தை கனடாவின் மாண்ட்ரியாலில் நரம்பு அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் 1930-களில் தொகுத்தார். வலக்கையின் செய்தி இடப்பக்க மூளைக்கும், இடக்கையினது வலப்பக்கத்துக்கும் போகும் என்பதையும் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

பெருமூளைக்குக் கீழுள்ள மூளைத்தண்டுக்கு இரண்டு சோதனைகள் போதும். மங்கிய அறையில் துணைவரின் ஒரு கண்ணில் மட்டும் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து ஒரு நொடி காட்டினால் இரு கண்மணிகளும் சுருங்கும். செய்தி இரண்டாம் கபால நரம்பில் நடுமூளைக்குப் போய், மூன்றாம் கபால நரம்புகள் இரண்டின் வழியாகவும் திரும்புகிறது. அடுத்து இந்தப் பக்கத்தையே படித்தபடி தலையை இடவலமாக விரைந்து ஆட்டுங்கள்; எழுத்துகள் நிற்கும். தலையை நிறுத்திவிட்டுப் பக்கத்தை அதே வேகத்தில் ஆட்டினால் எழுத்துகள் கலங்கிவிடும். முதலாவதில் உட்செவியின் சமநிலை உறுப்பு, பார்வைக்குக் காத்திராமல், கண்களை எதிர்த்திசையில் திருப்பிக்கொடுத்தது.

இதயத்துடிப்பு போல நாம் எண்ணாமலே நடப்பவற்றை ஆளும் தானியங்கு மண்டலத்தை அறிய நாடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, ஆழமாக மூச்சு விடுங்கள். உள்ளிழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், வெளிவிடும்போது தணியும். இளவயதினரில் இது தெளிவாகத் தெரியும். இதயத்தை அடக்கும் வேகஸ் நரம்பின் பிடி மூச்சோடு தளர்ந்து இறுகுவதே காரணம். அந்தப் பிடி வேதிப்பொருளால் நிகழ்கிறது என்பதை மருந்தியலாளர் ஆட்டோ லோவி 1921-இல் காட்டினார்: வேகஸ் தூண்டப்பட்ட தவளை இதயத்தைச் சூழ்ந்த நீர்மத்தை மற்றோர் இதயத்தில் செலுத்தியபோது, அதுவும் மெதுவாகத் துடித்தது.

படத்தை வரைந்து சோதித்துக்கொள்ளுதல்

ஒரு தாளில் மனித உருவின் எல்லைக்கோட்டை வரைந்து, மேற்கண்ட ஒவ்வொரு சோதனைக்கும் உரிய பாதையை வெவ்வேறு நிறத்தில் இடுங்கள். சினாப்ஸ் உள்ள இடங்களில் புள்ளி வையுங்கள். பிறகு பாதையைத் தலைகீழாகப் படித்துப் பாருங்கள், அதாவது குறியைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலின் பாதியும் மட்டும் மரத்தால் முழங்கையில் அல்னார் நரம்பைச் சந்தேகியுங்கள். தொப்புளுக்குக் கீழே இருபுறமும் உணர்விழந்தால், தொப்புளின் தோல் பத்தாம் மார்பு நரம்புக்கு உரியது என்பதால், தண்டுவடத்தின் அந்த மட்டத்தைப் பாருங்கள். திடீரென வலப்பக்க வாய் கோணி, வலக்கை தளர்ந்து, பேச்சும் குழறினால் பழுது பெரும்பாலும் இடப்பக்க மூளையில். அது வரைந்து பார்க்கும் நேரமன்று. இரத்தக்கட்டியால் வந்த பக்கவாதமாயின், கட்டியைக் கரைக்கும் மருந்தைக் குறி தோன்றியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், குறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்சை அழையுங்கள்.