கடைசியாகக் குடித்த மணி என்ன?

"இன்னியிலேர்ந்து ஒரு சொட்டு தொட மாட்டேன்" என்று தினமும் குடிக்கும் ஒருவர் சொன்னதும் வீடே நிம்மதிப் பெருமூச்சு விடும். எனக்கோ அங்கேதான் அடிவயிறு கலங்கும். குடிநோய் வார்டில் 14 வருஷமாக இரவுப் பணி பார்க்கும் செவிலி நான். தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இதை நான் வார்டுக்கு வந்து கற்றுக்கொள்ளவில்லை. பள்ளியில் படிக்கும்போது, நல்லது செய்வதாக நினைத்து அப்பாவை அறையில் வைத்துப் பூட்டினோம். இரண்டாம் நாள் ராத்திரி கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. நடிக்கிறார் என்றான் அண்ணன்.

ஏன் அப்படி ஆகிறது? மது மூளையை மந்தப்படுத்துகிறது. மூளை சும்மா இருக்குமா? ஈடுகட்ட வருஷக்கணக்காக எதிர்ப்பக்கம் இழுத்துப் பழகிவிடுகிறது. வடம் இழுக்கும்போது எதிரணி சட்டென்று கயிற்றை விட்டால் என்ன ஆகும்? அதுதான் இங்கும் நடக்கிறது. அதனால்தான் நடுக்கம், வியர்வை, படபடப்பு, வலிப்பு எல்லாம்.

நிறுத்துவதற்கு முன்பே கேளுங்கள்: காலையில் எழுந்ததும் கை நடுக்கம் அடங்கக் குடிக்க வேண்டியிருக்கிறதா? முன்பு நிறுத்தியபோது வலிப்போ பிதற்றலோ வந்ததா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் வீட்டில் முயல வேண்டாம். டாக்டரைப் பார்க்கும்வரை குடியைத் தானாகச் சட்டென்று நிறுத்தவும் விடாதீர்கள். டாக்டர் மாத்திரை கொடுத்து, அந்த மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைத்து, சில நாளில் கரையேற்றிவிடுவார். யார் வீட்டிலோ மிஞ்சிய தூக்க மாத்திரையை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மதுவோடு சேர்ந்தால் அது மூச்சையே அடக்கிவிடும்.

கடைசியாகக் குடித்த மணியை ஒரு நோட்டில் எழுதுங்கள். எல்லாக் கணக்கும் அங்கிருந்துதான் தொடங்கும். பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் நடுக்கம் தெரியும். இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் உங்கள் விரல் நுனியை அவர் விரல் நுனியில் வையுங்கள், அதிர்வு புரியும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வருவது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள், அமுக்கிப் பிடிக்காதீர்கள். தானாக நின்றுவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயே ஆக வேண்டும்.

எனக்கு மிகவும் பயமான நேரம் அதற்கு அடுத்தது: 48 முதல் 96 மணி நேரம் வரை. 'ஆள் தெளிஞ்சிட்டாரு' என்று வீட்டில் அசந்து தூங்கும் நேரமும் அதுதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். காலையில் சரியாகச் சொன்னவர் ராத்திரி உளறினால், போர்வையில் இல்லாத பூச்சியைப் பொறுக்கினால், காய்ச்சலும் வியர்வையுமாகத் தவித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சிகிச்சை கிடைக்காவிட்டால் சாவில் முடியக்கூடியது அது.

இன்னொன்று தயமின், அதாவது வைட்டமின் பி1. நீண்ட நாள் குடித்தவர்களுக்கு இது வற்றிப் போயிருக்கும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளைப் பாதிப்பு மோசமாகலாம். தள்ளாடும் நடை, நிலைகொள்ளாத கண் பார்வை, குழப்பம் இவற்றைப் 'போதை இன்னும் இறங்கலை' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நிறுத்தி இரண்டு நாள் ஆனவருக்கு ஏது போதை?

ஈரலைப் பற்றி எல்லோரும் பேசுவதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கொழுப்பு படிந்த ஈரல் குடியை நிறுத்தினால் சில வாரங்களில் பெரும்பாலும் தேறிவிடும். தழும்பேறிச் சுருங்கியது பழையபடி ஆவது கடினம். மஞ்சள் கண், வீங்கிய வயிறு, தார் போன்ற கறுப்பு மலம், ரத்த வாந்தி: கடைசி இரண்டும் அந்த நிமிஷமே கிளம்ப வேண்டியவை.

ஹெராயின் போன்றவற்றை நிறுத்தினால் மூக்கு ஒழுகும், வயிறு போகும், எலும்பெல்லாம் வலிக்கும். செத்துவிடுவோம் என்று தோன்றும். பெரும் ஆபத்து பிறகுதான். சில நாள் விட்டதும் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அப்போது பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கி, உதடு நீலம் பாரித்தால் உடனே ஆம்புலன்ஸ்.

சாப்பாட்டில் ரகசியமாக டைசல்ஃபிரம் மாத்திரை கலந்து கொடுக்கும் வீடுகள் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதன்மேல் அவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து விழுவார். சம்மதித்து, விளைவு தெரிந்து எடுப்பவருக்கான மருந்து அது.

அந்த நோட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்து வாருங்கள். கடைசியாக எப்போது குடித்தார் என்று நாங்கள் கேட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு 'ரெண்டு மூணு நாளாச்சு சிஸ்டர்' என்பார்கள். குடித்தது அன்று காலையாக இருக்கும். நாங்களோ வலிப்புக்கான நேரம் தாண்டிவிட்டது என்று கணக்குப் போட்டிருப்போம்.