மதுரைக்குச் சின்ன வாடகை விமானத்தில் போக என்ன செலவு?

சென்னையிலிருந்து மதுரை நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். நாலு பேர் உட்காரும் ஒற்றை இன்ஜின் விமானமான செஸ்னா 172எஸ் மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் போகும். ஒரு மணி நேரத்துக்கு சுமார் 35 லிட்டர் ஏவ்காஸ், அதாவது சின்ன விமானங்களுக்கான பெட்ரோல், குடிக்கும். அது எல்லா விமான நிலையத்திலும் கிடைக்காது, முன்னாடியே போன் போட்டுக் கேளுங்கள். இல்லையென்றால் திரும்பி வரவும் சேர்த்து இங்கேயே நிரப்பணும். முழு டேங்க் 200 லிட்டர், அதுவே 144 கிலோ. விமானம் தூக்கும் எடையில் ஆட்களுக்கும் சாமானுக்கும் மிஞ்சுவது 250 கிலோ சொச்சம். நாலு பேர் ஏறினாலே தீர்ந்தது. சித்திக்கு வாங்கிய கிரைண்டர் ரயிலில்தான் போகும்!

வாடகை மீட்டர் பெரும்பாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதுமே ஓடும். எதிர்காற்று 20 நாட் (மணிக்கு சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் அடித்தால் ஒரு வழிக்கே அரை மணி கூடும்.

பலர் கணக்கில் விடுவது, விமானம் அங்கே சும்மா நிற்கும் நாட்களை: பார்க்கிங், தினசரி குறைந்தபட்ச வாடகை. ஐப்பசி மழையில் மாட்டினால் பெட்ரோலைவிட இதுதான் கடிக்கும்.