கதை முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டால் என்ன செய்வது?

"கொக்கட்டிச்சோலை வயல்கள் சூழ்ந்த அழகிய ஊர். அங்கே பூமணி என்ற ஏழைப்பெண் வாழ்ந்து வந்தாள்." புதிதாக எழுதுபவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஊரும் வந்துவிட்டது, ஆளும் வந்துவிட்டாள், ஆனால் கதை நகரவில்லை. சரி, இதையே திருத்திப் பார்ப்போம்.

முதலில், பூமணிக்கு இன்றைக்கு என்ன வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். தகப்பனைக் காலைக் கிளினிக்குக்கு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவ்வளவு போதும்.

அடுத்து, அதற்கு என்ன தடை? இங்கேதான் ஊர் உங்களுக்கு உதவும். மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் மண்முனைப் பாலம் திறந்தது 2014இல். அதற்கு முன் அந்தத் துறையில் வாவியைப் "பாதை" என்று ஊரார் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தார்கள். கதை 2005இல் நடந்தால், பாதை அக்கரையில் நிற்பதே தடை. 2020 என்றால் அது செல்லாது. தம்பி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்பதுபோல வேறொன்று வேண்டும். ஆண்டை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். இதில் பிழைத்தால் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வாசகர் அந்த இடத்திலேயே கதையை மூடிவிடுவார்.

வர்ணனைக்கு வருவோம். அவசரத்தில் நிற்பவள் வாவியின் அழகை ரசிக்கமாட்டாள். பாதை புறப்பட்டதா என்றுதான் பார்ப்பாள். அவள் நிற்பது மேற்குக் கரை. காலை வெயில் நேரே கண்ணில் அடிக்கும், அக்கரை சரியாகத் தெரியாது. இந்த ஒரு விவரம் இடத்தையும் நேரத்தையும் பதற்றத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. "ஏழை" என்ற சொல்லையும் எடுத்துவிடுங்கள். திரும்பிவர பஸ் காசு மிஞ்சுமா என்று அவள் எண்ணிப் பார்க்கட்டும்.

உரையாடலில் பலரும் தடுமாறுகிறார்கள்.

"மறுகாப் போவம் புள்ள."

"மறுகா எண்டா நம்பர் முடிஞ்சிரும் அப்பா."

ஒரு வரிக்கு ஓரிரு ஊர்ச்சொல் இருந்தாலே குரல் கேட்கும். எல்லாச் சொல்லையும் பேச்சொலியிலேயே எழுதினால் வெளியூர் வாசகர் எழுத்துக்கூட்ட வேண்டிவரும். அடைப்புக்குறிக்குள் பொருள் தரவும் வேண்டாம், அடுத்த வரியே பொருளைச் சொல்லும். "என்று கவலையுடன் கூறினாள்" என்பதும் தேவையில்லை. கிளினிக் கொப்பியை அவள் இறுக்கிப் பிடித்திருந்தால் போதும்.

எழுதியதை வாய்விட்டு வாசியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தை மாற்றுங்கள்.

பிறகு, பாதை வந்ததா இல்லையா என்று முடிவெடுங்கள். வந்துவிட்டால், அக்கரையில் இறங்குவதற்குள் பூமணிக்கு இன்னொரு தடை தேவை.