கால்களில் எத்தனை ஓட்டம் மிச்சம்? கல்லூரி ரன்னிங் பேக்குகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2003 ஜனவரி 3, அரிசோனாவில் ஃபியஸ்டா பவுல். கல்லூரி அமெரிக்கக் கால்பந்தின் தேசியப் பட்டம் யாருக்கு என்று முடிவாகும் ஆட்டம். ஒரு பக்கம் மயாமி, எதிரே ஒஹாயோ ஸ்டேட். மயாமியின் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடும் ஆட்டக்காரர்) வில்லிஸ் மெக்காஹி அந்த சீசனில் 1,753 யார்டு ஓடியிருந்தவர். நான்காவது கால்பகுதியில் ஒரு சின்ன பாஸைப் பிடித்தார். மோத வந்த ஆட்டக்காரர் காலில் வந்து விழ, முழங்கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியது. மூன்று தசைநார்கள் கிழிந்தன.

ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. கடைசியில் வெற்றிக்கான டச்டவுனை (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுப்பது) அடித்தவரும் ஒரு ரன்னிங் பேக்தான்: ஒஹாயோ ஸ்டேட்டின் மாரிஸ் கிளாரெட், வயது 19, கல்லூரியில் முதல் வருடம்.

இந்த இருவரில் யாருக்கு எதிர்காலம் என்று அன்றிரவு கேட்டிருந்தால் ஒரே பதில்தான் வந்திருக்கும். நடந்தது நேர்மாறு. நான்கே மாதத்தில், தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் பஃபலோ பில்ஸ் அணி, கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், மெக்காஹியை முதல் சுற்றிலேயே எடுத்துக்கொண்டது. ஒரு வருடம் உட்கார்ந்து காலைத் தேற்றிக்கொண்டவர், பிறகு என்எஃப்எல்லில் 8,000 யார்டுக்கு மேல் ஓடினார். கிளாரெட் என்எஃப்எல்லில் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

இதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவுகளுக்கும் பெரிய பங்கு உண்டு. ரன்னிங் பேக்கின் வேலை, ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டு எதிரணியின் பதினொரு பேருக்குள் புகுவது. அதில் சிலர் 130 கிலோ இருப்பார்கள். அப்படி ஒருமுறை பந்தோடு ஓடுவதை ஒரு கேரி என்பார்கள். பெரும்பாலான கேரிகள் மோதலில்தான் முடியும். அந்தக் கால்கள் இறைக்க இறைக்க ஊறுகிற கிணறு இல்லை. நிரப்பி வைத்த தொட்டி. கல்லூரியில் மொண்டு ஊற்றியது போகத்தான் மிச்சம். இதை மறப்பதிலிருந்தே பல தவறுகள் தொடங்குகின்றன.

யார்டை எண்ணிக்கொண்டே இருப்பது

நிறைய யார்டு ஓடினால் டிராஃப்டில் நல்ல இடம் தானாக வரும் என்பது முதல் தப்புக்கணக்கு. சான் டியாகோ ஸ்டேட்டின் டானல் பம்ஃப்ரியை எடுத்துக்கொள்ளுங்கள். 2013 முதல் 2016 வரை நான்கு சீசனில் 6,405 யார்டு. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏவின் ஏட்டில் அதற்கு முன்பு முதலிடத்தில் இருந்தவர் விஸ்கான்சினின் ரான் டேன், 6,397 யார்டு. எட்டே யார்டு வித்தியாசத்தில் சாதனை கைமாறியது. அப்புறம்? பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் பம்ஃப்ரியை 2017இல் நான்காவது சுற்றில் எடுத்தது. ஒரு லீக் ஆட்டத்தில்கூட அவர் களமிறங்கவில்லை.

(இந்தச் சாதனையில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. சீசன் முடிவில் வரும் பவுல் ஆட்டங்களில் ஓடியதை என்சிஏஏ 2002 முதல்தான் கணக்கில் சேர்க்கிறது. டேன் ஆடியது 1996 முதல் 1999 வரை. அவருடைய பவுல் ஆட்டங்களையும் சேர்த்தால் 7,125 யார்டு வரும். என்னைக் கேட்டால் சாதனை இன்னும் டேனுடையதுதான்.)

மறுபக்கம் பாருங்கள். டென்னசியில் ஆடிய ஆல்வின் கமாராவுக்கு 2016 சீசன் முழுவதும் கிடைத்தது 103 கேரி. அடுத்த வருடம் என்எஃப்எல்லில் தாக்குதல் பிரிவின் சிறந்த புதுமுகம் அவர்தான். ஜாஷ் ஜேக்கப்ஸ் அலபாமாவில் மூன்று வருடமும் சேர்த்து 251 கேரிதான் ஓடினார். 2019 டிராஃப்டில் முதல் சுற்றில் போனார். 2022இல் என்எஃப்எல்லிலேயே அதிக யார்டு ஓடியவரும் அவரே.

அணிகளின் தேர்வாளர்கள் யார்டைப் பார்க்காமல் இல்லை. அந்த யார்டு எப்படி வந்தது என்று கேட்கிறார்கள். முன்வரிசை லைன்மேன்கள் வாசலை அகலத் திறந்துவிட்டு, அதில் யாரும் தொடாமல் ஓடியதா? மோதல் விழுந்த பிறகும் இழுத்துக்கொண்டு போன யார்டு எத்தனை? எதிரணி எவ்வளவு பலமானது? கடைசியாக ஒரு கேள்வி, பலர் யோசிக்காதது: இந்தத் தொட்டியில் இன்னும் எவ்வளவு இருக்கிறது?

எல்லாப் பந்தும் எனக்கே என்பது

ஜார்ஜியாவில் நிக் சப், சோனி மிஷெல் என்று இரண்டு பேர் ஒரே வருடம் சேர்ந்தார்கள். 2015இல் டென்னசிக்கு எதிரான ஆட்டத்தின் முதல் ஓட்டத்திலேயே சப்பின் முழங்கால் போனது. மிஷெல் பொறுப்பை எடுத்துக்கொண்டார். சப் திரும்பி வந்தபின் இருவரும் பங்கிட்டு ஓடினார்கள். 2017இல் இருவருமே என்எஃப்எல்லுக்குப் போயிருக்கலாம், போகவில்லை. நான்காவது வருடமும் சேர்ந்தே ஆடினார்கள். மொத்தம் 8,000 யார்டுக்கு மேல். அதற்கு முன்பு அந்த ஜோடிச் சாதனையை வைத்திருந்தவர்கள் எண்பதுகளின் எஸ்எம்யூ ஜோடி எரிக் டிக்கர்சன், கிரெய்க் ஜேம்ஸ். 2018 டிராஃப்டில் மிஷெல் 31ஆவது, சப் 35ஆவது. பங்கு போட்டதால் இருவருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

"டெரிக் ஹென்றி 2015இல் 395 கேரி ஓடினாரே, கல்லூரியின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதும் வாங்கினாரே, அதன்பின் என்எஃப்எல்லிலும் ஒரு சீசனில் 2,000 யார்டு தாண்டினாரே?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆறடி மூன்று அங்குலம், 110 கிலோவுக்கு மேல், அந்த எடையோடு அந்த வேகம். உங்களுக்கும் அந்த உடம்பு இருந்தால் சரி.

பந்து கையில் இல்லாத நேரத்தைக் கோட்டைவிடுவது

என்எஃப்எல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இளம் ரன்னிங் பேக்குகளைப் பற்றிப் பயிற்சியாளர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஓட்டத்தைப் பற்றியது அல்ல. "குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றத் தெரியவில்லை" என்பதுதான்.

பாஸ் போடும் ஆட்டத்தில் ரன்னிங் பேக் கடைசிக் காவல்காரர். ஐந்து லைன்மேன்கள் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொள்வார்கள். ஆறாவதாக, எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் ஒருவர் பாய்ந்து வருவார். இதைத்தான் பிளிட்ஸ் என்கிறார்கள். யார் வரப்போகிறார் என்பதைப் பந்து புறப்படும் முன்பே ஓரளவு கணிக்க வேண்டும். இருவர் வந்தால் யாரை விடுவது? பாலபாடம்: உள்ளிருந்து வெளியே பார். நடுவில் வருபவருக்குத்தான் குவார்ட்டர்பேக் கிட்டத்தில் இருக்கிறார், அவரை முதலில் தடு. ஓரமாகச் சுற்றி வருபவருக்கு இன்னும் ஒரு நொடி ஆகும், அதற்குள் பந்து கையைவிட்டுப் போயிருக்கும். அப்புறம் உடம்பைத் தாழ்த்தி, காலை அகட்டி, நெஞ்சில் கை வைத்து நிறுத்த வேண்டும். தலையைக் குனிந்து தோளால் முட்டப் போனால் அவர் விலகிப் போய்விடுவார், நீங்கள் புல்லைத் தழுவிக்கொண்டிருப்பீர்கள்.

பள்ளியில் பெரும்பாலான நட்சத்திர ரன்னிங் பேக்குகளுக்கு இந்த வேலை வந்ததே இருக்காது. பந்தை அவர்கள் கையில்தானே கொடுப்பார்கள்! கல்லூரியின் முதல் இரண்டு வருடத்தில் இதைக் கற்காதவர்களை மூன்றாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது, பெரும்பாலும் பாஸ் போடும் நேரம்) வெளியே கூப்பிட்டுவிடுவார்கள். பாஸ் பிடிப்பதும் இதோடு சேர்ந்த வேலை. ஸ்டான்ஃபோர்டின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2015இல் ஓட்டம், பாஸ், கிக் ரிட்டர்ன் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து ஓடுவது) எல்லாம் சேர்த்து 3,864 யார்டு எடுத்து, 27 வருடமாக நின்ற பாரி சாண்டர்ஸின் சாதனையைத் தாண்டினார். 2017 டிராஃப்டில் எட்டாவது இடம். பந்தை எங்கே கொடுத்தாலும் பிழைத்துக்கொள்வார் என்பதுதான் அவருடைய விலை.

பந்தைத் தளரப் பிடிப்பது

பந்தின் முனையை விரல்களால் மூடு, மறுமுனையை முழங்கை மடிப்பில் செருகு, நெஞ்சோடு உயரத்தில் அணை. எதிராளி எந்தப் பக்கமோ அதற்கு மறுபக்கக் கையில் பந்து இருக்கட்டும். எல்லோருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனால் நாலு பேர் சூழும்போது கை தானாக விலகும். சமநிலைக்காகக் கையை வீசுவது உடம்பின் இயல்பு. நியூயார்க் ஜயண்ட்ஸின் டிக்கி பார்பர் பல வருடம் என்எஃப்எல்லில் ஆடிய பிறகுதான், 2004இல் புதிதாக வந்த பயிற்சியாளர் டாம் காஃப்லினிடம் பந்தை உயரத் தூக்கிப் பிடிக்கப் புதிதாகப் பழகினார். ஃபம்பிள், அதாவது பந்தை நழுவவிடுவது, வெகுவாகக் குறைந்தது.

ஃபம்பிளைவிடப் பெரிய தவறு, அதை மனதிலேயே சுமப்பது. 2018 ஜனவரி 1 ரோஸ் பவுலில் மேலே சொன்ன சோனி மிஷெல் நான்காவது கால்பகுதியில் பந்தை நழுவவிட்டார். ஓக்லஹோமா அதை எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுனே போட்டுவிட்டது. ஜார்ஜியா எப்படியோ சமன் செய்தது. இரண்டாவது கூடுதல் நேரத்தில் பந்தை மறுபடி அவர் கையிலேயே கொடுத்தார்கள். 27 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்தார், 54-48.

எப்போது கிளம்புவது என்று தெரியாமல் இருப்பது

பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகாமல் என்எஃப்எல்லில் சேர முடியாது. கிளாரெட் மோதியது இந்த விதியோடுதான். 2003 சீசன் முழுவதும் கல்லூரி அவரை இடைநீக்கம் செய்தது. அவர் நீதிமன்றம் போனார். கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது, மேல்முறையீட்டில் கவிழ்ந்தது. அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர், இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் சோனியா சோட்டோமேயர். விதி நியாயமா என்று கேட்டால் எனக்கும் சந்தேகம் உண்டு. 19 வயதில் ஒருவர் உழைத்துச் சம்பாதிப்பதைத் தடுக்க இவர்கள் யார்? ஆனால் அந்த வழக்கு நடந்த காலத்தில் அவர் ஆடவில்லை. இரண்டு சீசன் போயின. 2005 தேர்வு முகாமில் 40 யார்டு ஓட 4.7 வினாடிக்கு மேல் ஆனது. டென்வர் மூன்றாவது சுற்றில் எடுத்து, சீசன் தொடங்கும் முன்பே அனுப்பிவிட்டது.

அவசரம் ஒரு தவறென்றால் தாமதமும் தவறாகலாம். ஸ்டான்ஃபோர்டின் பிரைஸ் லவ் 2017இல் 2,118 யார்டு ஓடி ஹைஸ்மன் வாக்கெடுப்பில் இரண்டாமிடம் வந்தார். படிப்பை முடிக்க இன்னொரு வருடம் இருந்தார். 2018 டிசம்பரில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிந்தது. நான்காவது சுற்றில் போனார். என்எஃப்எல் லீக் ஆட்டம் ஒன்றும் அவருக்கு அமையவில்லை. இதைச் சொல்லிப் பயமுறுத்துபவர்கள் நஜீ ஹாரிஸை மறந்துவிடுவார்கள். அவரும் நான்காவது வருடம் அலபாமாவிலேயே இருந்தார், பட்டம் வென்றார், 2021இல் முதல் சுற்றில் போனார். ஆகவே "இருக்கலாமா, போகலாமா" என்பதற்குப் பொது விடை கிடையாது. டிராஃப்டில் எந்தச் சுற்றில் போவோம் என்று நேர்மையாகச் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி. கூட இருக்கும் நண்பர்களும் மாமாக்களும் எப்போதும் முதல் சுற்று என்றுதான் சொல்வார்கள்.

பவுல் ஆட்டத்தைத் தவிர்ப்பதும் இந்தக் கணக்கில் வருவதே. 2016 சீசன் முடிவில் மெக்காஃப்ரியும் எல்எஸ்யூவின் லெனர்ட் ஃபோர்னெட்டும் பவுலில் ஆட மாட்டோம் என்றபோது துரோகி என்கிற அளவுக்குத் திட்டினார்கள். ஆனாலும் டிராஃப்டில் ஃபோர்னெட் நான்காவது, மெக்காஃப்ரி எட்டாவது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. பட்டத்துக்கான ஆட்டமாக இல்லாதபோது ஒதுங்குவதில் எனக்குத் தவறு தெரியவில்லை.

ஒன்று மட்டும் குறுக்கே சொல்லிவிடுகிறேன். எல்லா முறிவுக்கும் பின்னால் தவறு தேடாதீர்கள். சவுத் கரோலினாவின் மார்கஸ் லாட்டிமோர் 2011இல் ஒரு முழங்காலையும், தேறி வந்து 2012இல் மற்ற முழங்காலையும் இழந்தார். சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்தும் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014இல் ஓய்வு பெற்றார். அவர் செய்த தவறு என்று என்னால் எதையும் காட்ட முடியவில்லை.

காத்திருக்க மறுப்பது

2021 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். அதே வருடம், ஒருமுறை கல்லூரி மாறினால் ஒரு சீசன் சும்மா இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் போனது. மாறுவது பலருக்கு நல்லதே செய்திருக்கிறது. வேக் ஃபாரஸ்டிலிருந்து மிச்சிகன் ஸ்டேட்டுக்குப் போன கென்னத் வாக்கர் முதல் சீசனிலேயே 1,636 யார்டு ஓடி, சிறந்த ரன்னிங் பேக்குக்கான டோக் வாக்கர் விருதை வாங்கினார். போகும் இடத்தின் ஆட்டமுறையையும் லைன்மேன்களையும் பார்க்காமல், தொகையை மட்டும் பார்த்துப் போவதுதான் தவறு. நான்கு வருடத்தில் மூன்று கல்லூரி மாறினால், படித்த பாடங்களில் எத்தனை புதிய இடத்தில் செல்லும் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பாரி சாண்டர்ஸ் ஓக்லஹோமா ஸ்டேட்டில் சேர்ந்தபோது அங்கே முதல் ரன்னிங் பேக் தர்மன் தாமஸ். இரண்டு வருடம் சாண்டர்ஸ் பின்னால் நின்றார். கிக் ரிட்டர்னில் ஓடினார். தாமஸ் போனபின், 1988இல், பவுல் ஆட்டத்தைச் சேர்க்காமலே 11 ஆட்டத்தில் 2,628 யார்டு, ஹைஸ்மன் விருது. பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2024இல் 14 ஆட்டம் ஆடியும் அதை எட்ட முடியவில்லை. 27 யார்டு குறைந்தது. இன்றைய விதிகள் அன்றே இருந்திருந்தால் சாண்டர்ஸ் அந்த இரண்டு வருடம் அங்கேயே உட்கார்ந்திருப்பாரா? முதல் வருடம் முடிந்ததுமே நாலு கல்லூரிகள் அவருக்கு ஃபோன் போட்டிருக்கும்.